சுருண்டே முளைத்த முடி

என் வயதுக்காரர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஒற்று எங்கே போட வேண்டும், எங்கே போடக் கூடாது என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஒன்றை எழுதப் போனால் அது மறந்துவிட்டு வேறொன்று முன்னால் வந்து நிற்கிறது. வந்ததை வந்தபடியே எழுதியிருக்கிறேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் வராது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். தாளில் என்றால் யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை.

போன மாதம் நம் பழைய முகாம்காரர்களின் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. நம்மில் ஒருவருடைய பேரக் குழந்தை. குளித்துவிட்டுத் தலை துவட்டாமல் நிற்கிறது. முடி சுருள் சுருளாக எல்லாப் பக்கமும் எழும்பியிருக்கிறது. கீழே 'எங்க வீட்டு ஜாரவா' என்று எழுதியிருந்தது. உடனே வரிசையாகச் சிரிக்கிற முகங்கள். போட்டவர் அன்பாகத்தான் போட்டார், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. நானும் சிரிக்கிற முகம் ஒன்றைத் தொடப் போனேன். விரல் பாதியில் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று குழுவில் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் இதை எழுதி, கீழ்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துப் படமெடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

வெளியாட்கள் யாராவது படித்தால் அவர்களுக்காக ஒன்று. ஜாரவா என்பது நம் தீவின் மேற்குக் காட்டில், நாமெல்லாம் கப்பலில் வந்து இறங்குவதற்கு எவ்வளவோ முன்னாலிருந்து வாழ்கிற மக்களின் பெயர். நம் வீடுகளில் அது முடியின் பெயராக இருந்தது.

அந்த வருஷம் எனக்கு ஏழு வயதோ எட்டு வயதோ. பால்பற்கள் விழுந்துகொண்டிருந்தன. ரங்கத் ஊரிலிருந்து உள்ளே தள்ளி, மரம் வெட்டும் முகாமில் இருந்தோம். உங்களுக்குத் தெரிந்ததையே சொல்கிறேன், ஆனாலும் சொல்லிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. காலையில் கண் விழிக்கும்போதே படாக் மரத்தூள் வாசனை. மழை பெய்தால் அந்தத் தூள் ஊறி முகாம் முழுக்கச் சிவப்பாகத் தண்ணீர் ஓடும். யானைகள் கட்டை இழுத்துப் போன தடத்தில் நீளமாகப் பள்ளம் விழுந்திருக்கும். பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். தண்ணீரில் வானம் கிடக்கும். நாம் வானத்தை மிதித்து மிதித்துத்தான் பள்ளிக்கூடம் போனோம். மேகத்தில் கால் வைத்தால் சேறு கணுக்கால்வரை ஏறும்.

என் தலைமுடி அதுவரை கத்தி படாத முடி. பிறந்த முடியைக் குலசாமி கோயிலில்தான் இறக்க வேண்டும் என்பது எங்கள் குடும்பத்து வழக்கம். குலசாமி இராமநாதபுரத்துப் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில் இருந்தது. நான் பிறந்ததோ தீவில். கப்பலேறி மெட்ராஸ் போய், அங்கிருந்து ரயிலேறிப் போக வேண்டும். அப்பாவுக்குச் சுட்டி கிடைத்தால் கப்பலில் இடம் கிடைக்காது, இடம் கிடைத்தால் சுட்டி கிடைக்காது. லீவு என்ற சொல்லே எங்கள் வீட்டில் கிடையாது, சுட்டிதான். அது இந்தி என்று பெரியவளான பிறகுதான் தெரிந்துகொண்டேன். முகாமில் இன்னும் சில பிள்ளைகளும் இப்படிக் கப்பலுக்குக் காத்திருக்கிற தலையோடு திரிந்தார்கள். அவர்களுடைய முடி கீழே தொங்கியது. என்னுடையது மேலே போனது.

சின்னச் சின்னச் சுருள். ஒரு சுருளுக்குள் சுண்டு விரல்கூட நுழையாது. அம்மா வகிடு எடுத்தால், சீப்பு பின்பக்கம் போவதற்குள் முன்பக்கம் மூடிக்கொள்ளும். பால் வெள்ளையில் ஒரு சீப்பு இருந்தது. அதன் பற்கள் ஒவ்வொன்றாக என் தலைக்குள் ஒடிந்தன. சீப்பின் பல்லும் என் பல்லும் ஒரே வருஷத்தில் விழுந்தன. முதுகில் கிளிப் படம் போட்ட வட்டக் கண்ணாடி ஒன்றும் இருந்தது. இரண்டும் எங்கே போயின என்று தெரியவில்லை. போர்ட் பிளேருக்கு வீடு மாறியபோது ஏதோ ஒரு பெட்டியோடு போயிருக்கும்.

எனக்கு அந்த முடி பிடிக்கும் என்று சொன்னால் நம்புவீர்களா? மழை விட்ட பிறகும் என் தலையில் மழை இருக்கும். ஒவ்வொரு சுருளிலும் ஒரு துளி உட்கார்ந்திருக்கும். தலையை ஒரு உலுக்கு உலுக்கினால் எனக்கு மட்டும் தனியாக ஒரு மழை.

முதலில் சொன்னவர் பள்ளிக்கூடத்து மாஸ்டர்ஜி. "நீ பீச்சே, பின்னாடி போய் உக்காரும்மா. உன் தலைக்குப் பின்னாடி இருக்கிறவங்களுக்கு போர்டு தெரியலை. முழு ஜங்கலே கொண்டு வந்திருக்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நல்ல மனுஷர். பேனாவுக்கு மை ஊற்றித் தருவார். அவர் சிரித்ததும் வகுப்பு சிரிக்கலாம் என்று ஆகிவிட்டது.

மேஸ்திரி மகள்தான் அந்தச் சொல்லைக் கொண்டு வந்தாள். "ஏய் ஜாரவா மண்டை! வில்லும் அம்பும் எங்கடி, வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டியா?" பிறகு எல்லோரும் கத்துவார்கள்: "ஜங்லி வருது, பாகோ பாகோ!" கத்திக்கொண்டு ஓடுவார்கள். நான் துரத்துவேன். சத்தியமாக எனக்கு அது விளையாட்டென்றே தோன்றியது. இத்தனை பேர் என்னைப் பார்த்து ஓடுகிறார்களே என்று பெருமைகூட. ஒரு நாள் துரத்தி மூச்சு வாங்கி நின்று பார்த்தேன். ஓடியவர்கள் வேறு விளையாட்டுக்குப் போயிருந்தார்கள். திரும்பி வரவில்லை. அதற்கப்புறம் யாரும் என்னைத் தொட்டு விளையாடவில்லை.

இதெல்லாம் குழந்தைகள் சமாச்சாரம். வீட்டை அசைத்தது வேறு.

முகாமுக்குக் கீழே ஓடிய ஓடையை நாலா என்போம். பெண்கள் துணி துவைப்பது, குளிப்பது, பேசுவது எல்லாம் அங்கேதான். பக்கத்து வீட்டுச் சித்தி அம்மாவைப் பார்த்து ஒரு நாள் கேட்டாள்.

"ஏக்கா, இவ வயித்துல இருக்கையில நீ நாலாவுக்கு ஒண்டியா வருவியே. அப்ப அந்தாண்ட கரையில எவனையோ பாத்துப் பயந்துட்ட. அதான் பாத்த மாதிரியே பிள்ளை வந்திருச்சு."

இன்னொருத்தி தண்ணீருக்குள் இருந்து குரல் கொடுத்தாள். "பாத்ததோட சரிதானா? நல்லாக் கேளுடி."

எல்லோரும் சிரித்தார்கள். தண்ணீரில் அறைந்து அறைந்து சிரித்தார்கள். அம்மா புடவையை முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். அதில் தண்ணீர் தீர்ந்த பிறகும் பிழிந்துகொண்டிருந்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு பள்ளிக்கூடத்துச் சிரிப்பு மாதிரி இல்லை. என் தலையில் இருப்பது அம்மாவை ஏதோ செய்கிறது என்று மட்டும் புரிந்தது.

மருந்து சொன்னதும் அதே சித்திதான். "பிறந்த முடியை வெச்சுக்கிட்டே இருந்தா இப்படித்தான் சிக்குப் பிடிக்கும். எறக்கிடுக்கா. அடுத்த முடி நேரா வரும். வந்துட்டா எவ வாயத் திறப்பா?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே ஒரு கவலைதான். முடி நேராக வர வேண்டும். வந்தால் அம்மா பெயர் தப்பும்.

"சாமிக்குக் கடல் தாண்டத் தெரியாதா? இங்கேயே எறக்கிடுவோம்" என்றாள் அம்மா. அப்பா மறுத்துப் பேசவில்லை. கட்டை லாரியில் உட்கார்ந்து ரங்கத் கடற்கரைக்குப் போனோம். முகாமுக்கு வாராவாரம் வருகிற நாவிதரும் கூட வந்தார். தெலுங்குக்காரர். தமிழ், இந்தி, தெலுங்கு மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் கலக்குவார்.

அம்மா என்னைக் கடலைப் பார்த்து உட்கார வைத்தாள். தேங்காய், வெற்றிலை, சூடம் எல்லாம் மணலில் தயார். அப்பா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகம் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"ஏம்மா, மெயின்லேண்டு இந்தப் பக்கம் இல்ல. இது பர்மா பக்கம்."

"சும்மா இருங்க. கடல்னா கடல்தானே."

"சாமி மேற்க இருக்கு. நீ கிழக்க பாத்துக் கும்பிட்டா அது யார் பிள்ளைன்னு நினைக்கும்?"

நாவிதர் சிரித்தார். அம்மாவும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு என்னைத் தூக்கித் திருப்பி வைத்தாள். அலை என் முதுகுப் பக்கம் போனது. முன்னால் மணல், மணலுக்கு மேலே காடு. காட்டுக்கு அந்தப் பக்கம் கடல், கடலுக்கு அந்தப் பக்கம் குலசாமி. அம்மா அந்தத் திசையைப் பார்த்துக் கண்ணை மூடிக் கை கூப்பினாள். வழியில் அந்தக் காட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அவளுடைய கும்பிடு அவர்களையும் தாண்டித்தான் போயிருக்க வேண்டும்.

கத்தி குளிர்ச்சியாக இருந்தது. முடி என் மடியில் விழுந்தபோது சத்தமே இல்லை. அதை வாழையிலையில் வைத்துக் கடலில் விட்டார்கள். அலை திருப்பிக் கொண்டுவந்து அம்மா காலடியில் போட்டது. மறுபடி விட்டார்கள், மறுபடி வந்தது. "போக மாட்டேங்குது அம்மா, ஊர் பிடிச்சுப் போச்சு" என்றார் நாவிதர். கடைசியில் அப்பா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, இலையைக் கையால் தள்ளித் தள்ளி, அலை உடைகிற இடத்துக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். வெகுநேரம் அது ஒரு சின்னக் குருவிக்கூடு மாதிரி மிதந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்க்காதே என்றாள் அம்மா. நான் பார்த்தேன்.

அதற்கப்புறம் வந்த நாட்கள் எனக்குக் கனவு மாதிரி இருக்கின்றன. மழை பிடித்துவிட்டது. காடும் முகாமும் ஒரே சாம்பல் நிறமாகி, யானைகள் புகைக்குள்ளிருந்து வருவது போல வந்து புகைக்குள் போயின. மழை என் மொட்டைத் தலையில் நேராக விழுந்தது. யாரோ விரல் நுனியால் தட்டித் தட்டி என்னைக் கூப்பிடுவது போல இருக்கும். திரும்பினால் ஒருவரும் இல்லை.

என் அப்பாவை முகாமில் எல்லோரும் மொட்டையண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள், உங்களுக்கு ஞாபகமிருக்கும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நாவிதரிடம் தலையை வழித்துக்கொள்வார். பழனிக்கு வேண்டுதல் என்று பேச்சு. இப்போது நான் சின்ன மொட்டை ஆனேன். ஒரே கிண்ணத்தில் சந்தனம் குழைத்து அம்மா இரண்டு தலையிலும் பூசினாள். அப்பாவும் நானும் கதவுக்கு வெளியே நின்றால் "ரெண்டு தேங்காய் காயுது" என்பாள் சித்தி. அதில் விஷம் இல்லை. பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லை யாரும் சொல்லவில்லை. மாஸ்டர்ஜி என்னை முன் வரிசைக்குக் கூப்பிட்டார். போர்டை அவ்வளவு பக்கத்தில் அதுவரை நான் பார்த்ததில்லை. சாக்பீஸ் தூள் என் மூக்கில் விழுந்தது.

அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பழையபடி நாலாவுக்குப் போனாள். காலையில் எழுந்ததும் உள்ளங்கையை என் தலையில் வைப்பாள். மாவு பொங்கியிருக்கிறதா என்று பார்ப்பாளே, அந்த மாதிரி.

முடி முதலில் மணல் போல வந்தது. பிறகு கம்பு போல நின்றது. "இங்க பாருங்களேன், நேரா நிக்குது, நேரா நிக்குது!" என்று அம்மா என்னை இழுத்துக்கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினாள். அப்பா தலையைத் தடவிப் பார்த்தார். வெளியே போய்விட்டார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. இன்னும் கொஞ்ச நாளில் ஒவ்வொரு மயிரும் அவரைக் கொடியின் நுனி போல மெல்ல மெல்ல வளைந்தது. வளைந்து தன்னையே பிடித்துக்கொண்டது.

அம்மா விட்டாளா? விளக்கெண்ணெயைத் தடவி அழுத்தினாள். ஈரத் துணியை இறுக்கிக் கட்டிப் படுக்க வைத்தாள். பள்ளிக்கூடத்தில் வெயிலேறினால் எண்ணெய் என் புருவத்தில் இறங்கிக் கண் எரியும். துணியை அவிழ்த்தால் முடி மூச்சு விடுவது போல எழுந்திருக்கும். எழுந்து சுருண்டுகொள்ளும். மறுபடியும் மேஸ்திரி மகள். மறுபடியும் பின் வரிசை.

நாலாவில் சித்தி சொன்னாள்: "ஏக்கா, கடல்ல விட்டது நீந்தித் திரும்பி வந்திருச்சு போல!"

முன்பு தண்ணீருக்குள் இருந்து குரல் கொடுத்தவள் வெளியே வந்து கரையில் நின்று கேட்டாள். "உனக்கோ கோரை முடி, முழங்கால் வரைக்கும். அவருக்கோ பழனி மொட்டை. அப்ப இது யார் வீட்டு முடிக்கா?"

ஒரே வார்த்தையில் சொல்லக்கூடிய பதில் அம்மாவிடம் இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு துணியைக் கூடையில் அள்ளினாள். திரும்பி வரும் வழியெல்லாம் என் கையை வலிக்கும்படி பிடித்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முகாம் நடுவில் வெட்டாமல் விட்டிருந்த ஒரு மரத்தடியில் நாவிதர் பெட்டியைத் திறந்தார். அப்பா தலையை நனைத்துக்கொண்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தன் முறைக்கு உட்கார்ந்திருந்தார். அம்மா என்னை இழுத்துக்கொண்டு நேராக நாவிதர் முன்னால் போனாள்.

"அண்ணே, இவளுக்கு இன்னொரு தடவை வழிச்சு விடுங்க. இந்த முடியும் சரியா வரலை."

"ஃபிர் சே? இப்பத்தானே எடுத்தோம் தல்லி. பாப்பா முடி அச்சாதானே இருக்கு?"

"வழிங்கண்ணே. நேரா வர்ற வரைக்கும் வழிக்கணும்."

நான் அழவில்லை. குனிந்து உட்கார்ந்தேன். கத்தியைத் தோலில் தீட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சத்தம் நின்றது. அப்பா எழுந்து வந்து நாவிதரின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

"கத்தியை மடிங்க. பிள்ளைக்கு வேண்டாம்."

"சரி பாய். அப்ப நீங்க உக்காருங்க."

"எனக்கும் வேண்டாம். இனிமே வேண்டாம்."

"அரே, பழனிக்காரர் கோவிச்சுக்குவார்!"

"பழனிக்கு நான் போனதே இல்லை" என்றார் அப்பா. "அது ஊருக்குச் சொன்னது."

அம்மாவின் முகம் மாறிவிட்டது. பக்கத்தில் ஆட்கள் இருப்பதையும் மறந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உக்காருங்க. உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன், உக்காந்து வழிச்சுக்கங்க. காட்டுக்குள்ள போற ஆளு நீங்க."

"நாலாவுல பேசுறது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? நீ எத்தனை நாளைக்கு வாயை மூடிக்கிட்டு இருப்ப?"

"பேசினாப் பேசட்டும். அவளுக பேச்சு தோலைக் கிழிச்சிடுமா? குண்டு கிழிக்கும்ங்க!"

அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அங்கே நின்ற எல்லோருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் அப்பா தனியாகத் தீவுக்கு வந்து, ஒரு கான்ட்ராக்டரிடம் மரம் வெட்டினார். அப்போது அவருக்குத் தலை நிறைய முடி. என்னுடையது போலவே. கூட வேலை செய்தவர்கள் ஜாரவா, ஜாரவா என்று கூப்பிடுவார்கள். அவரும் சிரித்துக்கொண்டு "ஓய்" என்பாராம். ஒரு சாயங்காலம் வேலை முடித்து ஓடையில் குளித்துவிட்டு, இடுப்பில் ஈரத் துணியோடு மூங்கிலை விலக்கிக்கொண்டு வெளியே வந்திருக்கிறார். கான்ட்ராக்டர் வைத்திருந்த காவல்காரர் சுட்டுவிட்டார். குண்டு காதை உரசிக்கொண்டு மரத்தில் போய் ஏறியது. அப்பா "ஐயோ அம்மா" என்று கத்தினார். அந்தத் தமிழ்தான் அடுத்த குண்டை நிறுத்தியது. காவல்காரர் ஓடி வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாராம்.

அப்பா இதைச் சொன்னபோது குரல் உயரவில்லை. மரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"'மாஃப் கரோ பாய், மனுஷன்னு தெரியலை'ன்னான். எல்லாரும் பாவம், தெரியாமச் செஞ்சுட்டான்னு தலையாட்டினாங்க. நானும் ஆட்டினேன். மறுநாளே தலையை வழிச்சுக்கிட்டேன். ஆனா அன்னைக்கு என் இடத்துல நெசமாவே ஒரு ஜாரவா நின்னிருந்தா, அங்க தப்பே நடக்கலைன்னு ஆயிருக்கும், என்ன? அந்த நினைப்பு மட்டும் என்னை விடலை."

நாவிதர் கத்தியை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார்.

கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவுக்கு முடி வளர்ந்திருந்தது. அம்மா மணவறையில் பார்த்தது அந்தத் தலையைத்தான். தீவுக்குத் திரும்புகிற கப்பலிலேயே, கரை தெரிவதற்கு முன்னால், வழித்துக்கொண்டுவிட்டாராம். அதனால் என் தலை யார் வீட்டுத் தலை என்று அம்மாவுக்கு நான் பிறந்த நாளிலிருந்து தெரியும். சொன்னால் அப்பாவின் தலை வெளியே வரும். வந்தால் பழைய பெயர் திரும்பும், பெயரோடு துப்பாக்கியும் திரும்பும் என்று பயந்தாள். தன் பெயர் நாலாவில் அடிபடட்டும் என்று விட்டுவிட்டாள். எனக்கு எண்ணெய் தடவி அழுத்தியதும் வெட்கத்தால் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். நாளைக்கு நானும் ஒரு புதரை விலக்கிக்கொண்டு வெளியே வருவேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அப்பாவுக்கு முடி வளர்ந்தது. நரையும் கருப்புமாக வளர்ந்தது. எங்களுக்குள் போட்டி, யார் தலையைச் சுருள் முதலில் மூடுகிறது என்று. அவருடைய தலையில் மரத்தூள் தங்கும். நான் ஒவ்வொன்றாக எடுப்பேன். சின்ன வயதில் நான் செய்த வேலைகளில் அதைவிடச் சுகமான வேலை வேறு இல்லை.

ஒரு நாள் சாயங்காலம், பெண்கள் நாலாவில் இருக்கிற நேரத்துக்கு, அப்பா எங்களோடு வந்தார். ஆண்கள் அந்த நேரம் வருவதில்லை. துண்டு தலையில் இல்லை. கரையிலேயே தள்ளி என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தலையைக் குனிந்தார். அம்மா குடத்தில் மொண்டு இரண்டு தலையிலும் ஊற்றினாள். தண்ணீர் இரண்டு தலையிலும் ஒரே மாதிரி உட்கார்ந்தது. சித்தி துவைப்பதை நிறுத்திவிட்டாள். கரையில் நின்று கேட்டவள் தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள்.

"அண்ணே," என்றாள் சித்தி, "சோப்பு வேணுமா?"

"இருக்குடி" என்றாள் அம்மா.

அவ்வளவுதான். அதற்கு மேல் அந்தப் பேச்சு நாலாவில் வரவில்லை. சித்தி கெட்டவள் இல்லை. எனக்கு அம்மை போட்டபோது பக்கத்திலேயே உட்கார்ந்து வேப்பிலையால் வீசியவள்.

அப்பா முடியை வைத்துக்கொள்ள அம்மா ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். காட்டிலிருந்து வரும்போது பாடிக்கொண்டே வர வேண்டும். "நம்ம பாட்டு. தமிழ்ப் பாட்டு. சத்தமா. மூங்கில் முடியுற இடத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடணும்." அப்பாவுக்குப் பாட வராது. ஒரு அடி மேலே போகும், அடுத்த அடி எங்கேயோ விழும். பொழுது சாயும்போது அம்மா அம்மியை நிறுத்திவிட்டு வாசலில் நிற்பாள். காட்டுக்குள்ளிருந்து அந்தக் கோணல் பாட்டு வரும். முதலில் பூச்சிச் சத்தம் மாதிரி, பிறகு பாட்டு மாதிரி. கேட்ட பிறகுதான் உள்ளே போய் விளக்கேற்றுவாள். நீங்களெல்லாம் அதைப் போலச் செய்து காட்டிச் சிரிப்பீர்கள். நானும் சேர்ந்து பாடிக்கொண்டே எதிரே ஓடுவேன். அப்பா சந்தோஷத்தில் பாடுகிறார் என்று நினைத்திருந்தேன். ஒரு மனுஷன் தான் மனுஷன் என்று காட்டுவதற்காகத் தினமும் பாடிக்கொண்டு வீட்டுக்கு வந்தார் என்று புரிய எனக்கு முடி நரைக்க வேண்டியிருந்தது.

இப்போது அந்தக் காட்டின் நடுவே போகிற ரோட்டில் பஸ் போகிறது. வண்டிகள் வரிசையாகச் சேர்ந்து போக வேண்டும், நிற்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. போன வருஷம் ரங்கத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது ரோட்டோரம் ஒரு பெண் நிற்பதைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. குழந்தையின் தலையில் அவள் உள்ளங்கை இருந்தது. பஸ்ஸில் யாரோ "ஜாரவா, ஜாரவா" என்று எழுந்து பார்த்தார்கள். அவள் எங்களைப் பார்க்கவில்லை. எங்கள் பஸ்ஸைத் தாண்டி எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான் பார்த்தேன், வளைவு வந்துவிட்டது.

அவர்களும் சாயங்காலத்தில் பாடிக்கொண்டு வீடு திரும்பியிருப்பார்கள். அந்தப் பாட்டைக் கேட்டு நம் ஆட்களில் யார் துப்பாக்கியைத் தாழ்த்தினார்கள்?

அப்பா பாடியது ஒரே பாட்டுதான் என்று நினைக்கிறேன். முதல் அடி நாக்கு நுனிவரை வருகிறது, வாயைத் திறந்தால் போய்விடுகிறது. முகாமில் காட்டோர வீடுகளில் இருந்தவர்களுக்கு என்னைவிட நன்றாகக் கேட்டிருக்கும். ஞாபகம் இருந்தால் சொல்லுங்கள். இன்னொன்றும் கேட்க வேண்டும். சுட்ட அந்தக் காவல்காரர் பின்னாளில் நம் முகாமிலேயே காவலுக்கு இருந்தார் என்றும், அப்பாவின் பாட்டு கேட்டதும் எழுந்து, துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு, அப்பா கடந்து போகும்வரை வெறுங்கையோடு நிற்பார் என்றும் அம்மா ஒரு தடவை சொன்னதாக எனக்கு நினைவு. அது நிஜமா, அல்லது அப்படி இருந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று நானாகச் சேர்த்துக்கொண்டதா என்று தெரியவில்லை. அப்போது என்னைவிடப் பெரிய பிள்ளைகளாக இருந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்ல வேண்டும்.